உருகாத மெழுகுவர்த்தி

தன்னை உருக்கிப் பிறருக்கு ஒளி தரும் மெழுகுவர்த்தி என்ற உவமையைக் கேளாமல் தமிழில் எந்த ஆசிரியரும் பணி ஓய்வு பெற்றுவிட முடியாது. தாய்க்கும் தொண்டருக்கும் தியாகிக்கும் அதே உவமைதான். பிரிவுபசார விழாக்களிலும் நினைவு மலர்களிலும் எரிந்து எரிந்து, அந்த உவமையே இன்று அடிக்கட்டையாகிவிட்டது. ஆயினும் அதன் பொருளை நாம் ஒருபோதும் ஐயுற்றதில்லை. மெழுகுவர்த்தி என்றால் உருக வேண்டும், உருகினால்தான் ஒளி.

இந்த உவமைக்குள் அடங்காத ஒரு மெழுகுவர்த்தி உண்டு. கையளவு பருமனுள்ள மெழுகுத் தூண். அதன் உச்சியில் வட்டமாக ஒரு குழி. குழிக்குள் மெல்லிய அலுமினியக் கிண்ணத்தில் அமர்ந்த சிறு விளக்கு; கடைகளில் டீலைட் என்ற பெயரில் கிடைப்பது. எரிவது கிண்ணத்தில் உள்ள மெழுகு மட்டுமே. ஏறக்குறைய 4 மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். வெறுங்கிண்ணத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் மீண்டும் ஒளி. தூண் முன்போலவே நிற்கும். மேலைநாடுகளில் இதனை வீட்டிலேயே செய்து பார்ப்போர் பலர்.

பெயரையே சற்று நோக்குவோம். வர்த்தி என்ற வடசொல்லுக்குத் திரி என்பது பொருள். மெழுகில் பதித்த திரி மெழுகுவர்த்தி. நாம் பேசும் தூணிலோ திரி கிடையாது. வர்த்தி நீங்கி மெழுகு மட்டும் எஞ்சிய பொருள் அது. ஆகவே இது மெழுகுவர்த்தியே அன்று, மெழுகுவர்த்தியின் வேடம் பூண்ட விளக்குத் தண்டு என்று ஒருவர் சொல்லக்கூடும். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் மெழுகுவர்த்தியின் வரலாற்றைப் புரட்டியபோது, எரியாத உடலும் எரியும் உச்சியும் தனித்தனியே நிற்பது புதிய தந்திரம் அன்று என்பது தெரிந்தது. கூடவே வேறொரு கேள்வியும் எழுந்தது. மெழுகுவர்த்தி ‘தன்னை’ உருக்கியது என்கிறோமே, உருகியது உண்மையில் எது?

*

குத்துவிளக்கில் உடல் வேறு, எரிபொருள் வேறு. பித்தளை தலைமுறைகளைக் கடந்து நிற்கும்; எண்ணெயும் திரியும் நாள்தோறும் மாறும். மெழுகுவர்த்தியின் தனித்தன்மை இந்த வேறுபாட்டை அழித்ததில் இருக்கிறது. எரிபொருளே தண்டு, எரிபொருளே கிண்ணம். அதனாலேயே அது எரிய எரியக் குறைகிறது. நம் உவமையும் அங்கிருந்தே பிறக்கிறது.

இந்த அமைப்பின் நுட்பத்தை மக்களுக்கு விளக்கியவர் மைக்கேல் ஃபாரடே. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளையோருக்கென நடந்த கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில், 1848ஆம் ஆண்டிலும் மீண்டும் 1860–61இலும் அவர் எடுத்துக்கொண்ட பொருள் மெழுகுவர்த்தி. 1861இல் அது நூலாகவும் வந்தது. எரியும் மெழுகுவர்த்தியின் உச்சியில் ஒரு கிண்ணம் தானாக உருவாவதை அவர் சுட்டிக்காட்டினார். சுடரின் வெப்பத்தால் காற்று மேலே எழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து வரும் குளிர்ந்த காற்று தண்டின் பக்கங்களைத் தழுவிச் செல்கிறது. நடுப்பகுதி உருக, விளிம்பு குளிர்ந்து கெட்டியாகவே நிற்கிறது. உருகிய மெழுகு அந்த விளிம்புக்குள் தேங்கித் திரி வழியே ஏறுகிறது. தண்டில் வரிவரியாகப் பள்ளம் வெட்டி அழகுபடுத்திய மெழுகுவர்த்திகளில் காற்று சீராகத் தழுவாது; கிண்ணம் சிதையும்; மெழுகு வழிந்தோடும். பார்வைக்கு அழகானது பயனில் தோற்பதை இந்த எடுத்துக்காட்டால் அவர் உணர்த்தினார்.

டீலைட்டின் அலுமினியக் கிண்ணம் செய்வது இதே வேலைதான். காற்று செதுக்கிய கிண்ணத்துக்குப் பதில் தகட்டில் அழுத்திய கிண்ணம். அதற்குள் மெழுகு முழுவதும் உருகி நீராகிவிட்டாலும் வழியாது. அதாவது டீலைட், மெழுகுவர்த்தியாகத் தொடங்கிச் சற்று நேரத்தில் அகல்விளக்காக மாறிவிடுகிறது. கிண்ணம் தனியே வந்த பிறகு, தண்டு எரிய வேண்டிய கட்டாயம் நீங்கியது.

*

எரியாத தண்டின் கதை இங்கிலாந்தின் தேவாலயங்களில் தொடங்குகிறது. கத்தோலிக்கர் உயிர்ப்புப் பெருவிழாவின் முன்னிரவில் ஏற்றும் பெரிய மெழுகுவர்த்தியை நம் பக்கத்துக் கோயில்களில் பாஸ்கா திரி என்பர். இடைக்கால இங்கிலாந்தில் இதன் உயரம் ஊரின் பெருமையாக இருந்தது. சாலிஸ்பரி பேராலயத்தில் 1517இல் இது 36 அடி உயரம் இருந்ததாகவும், வெஸ்ட்மின்ஸ்டரில் 1558இல் இதற்கு 300 பவுண்டு மெழுகு செலவானதாகவும் குறிப்புகள் உள்ளன. டர்ஹம் பேராலயத்தின் பழைய வழக்கங்களை 1593இல் பதிந்து வைத்த நூல், அங்கே பாஸ்கா திரி கூரையை எட்டும் உயரத்தில் நின்றதையும், மேல்தளத்தில் விடப்பட்ட ஒரு துளையின் வழியாக அதை ஏற்றியதையும் சொல்கிறது.

தேன்மெழுகு விலையுயர்ந்த பொருள். இவ்வளவு உயரத்துக்கும் மெழுகே வார்ப்பதற்கு எல்லாக் கோயில்களுக்கும் வசதி ஏது? ஆகவே ஓர் ஏற்பாடு வழக்கில் இருந்தது. பாஸ்கா விளக்குத் தண்டின் நடுக்கிளையில் மெழுகுவர்த்தி போலவே வண்ணம் பூசிய பருத்த மரத்துண்டு ஒன்றைப் பொருத்தினார்கள். உண்மையான மெழுகுவர்த்தி அதன் உச்சியில் நின்றது. கீழே நிற்கும் மக்கள் கண்ணுக்கு முழுவதும் ஒரே மெழுகுவர்த்தி. எரிவது உச்சியில் உள்ள பகுதி மட்டும்.

அந்த மரத்துண்டுக்கு அவர்கள் வைத்த பெயர் யூதாசு. உடனிருந்து காட்டிக்கொடுத்தவனின் பெயர். மெழுகின் நடுவே மெழுகாக நடிக்கும் மரத்துக்கு இப்பெயரைச் சூட்டியவர்களின் குறும்பை நாம் ரசிக்கலாம். அதே வேளையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயரில் இகழ்ச்சி இருந்தும் அந்தத் தண்டை அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கவில்லை. ஏமாற்று என்று தெரிந்தே, ஆண்டுதோறும் வழிபாட்டின் நடுவில் நிறுத்தினார்கள். உச்சியில் எரிவது உண்மையாக இருந்தால் போதும் என்பது அவர்கள் கண்ட சமாதானம்.

ஆகவே டீலைட் ஏந்தும் தூணைப் போலி என்று தள்ளுவோருக்கு நாம் முதலில் காட்ட வேண்டியது இந்த யூதாசைத்தான்.

*

தேவாலயத்தில் இந்த ஏற்பாடு மெழுகின் பகட்டைக் காப்பதற்கு. எளிய வீடுகளிலோ ஒளியே சிக்கலாக இருந்தது. அங்கே மெழுகு என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆட்டுக்கொழுப்பும் மாட்டுக்கொழுப்பும்தான். கொழுப்பில் செய்த வர்த்தி நாறும், புகையும், கோடையில் வளையும், மூடி வைக்காவிட்டால் எலி தின்றுவிடும். திரி தானாக எரிந்து தீராமல் கரிந்து நீளும் என்பதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை யாராவது கத்தரியால் அதை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதற்கும் வரி வந்தது. 1709இல் இங்கிலாந்து அரசு மெழுகுவர்த்திகளுக்குத் தீர்வை விதித்தது. தேன்மெழுகுக்குப் பவுண்டுக்கு 4 பென்னி, கொழுப்புக்கு அரைப் பென்னி. சில ஆண்டுகளில் அது இரட்டிப்பாயிற்று. உரிமம் பெற்று வரி செலுத்தாமல் வீட்டில் மெழுகுவர்த்தி செய்வதும் குற்றமாயிற்று. 1831 வரை இந்த வரி நீடித்தது. இன்று ஓய்வு நேரப் பொழுதுபோக்காக இருக்கும் ஒரு வேலை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே சட்டமீறலாக இருந்தது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

சட்டம் விட்டுவைத்த ஒரு வழி கோரைத்திரி. கோரைத் தண்டின் பச்சைத் தோலை உரித்து, உள்ளிருக்கும் சோற்றுக்கு ஆதாரமாக ஒரே ஒரு நார் மட்டும் நிற்கும்படி விட்டு, வெயிலில் உலர்த்தி, சமையலில் மிஞ்சிய கொழுப்பில் தோய்த்தெடுப்பார்கள். ஹாம்ப்ஷயர் மாவட்டத்துச் செல்போர்ன் ஊரைச் சேர்ந்த பாதிரியார் கில்பர்ட் ஒயிட் இதன் கணக்கை 1775 நவம்பரில் ஒரு கடிதமாக எழுதினார். அவருடைய புகழ்பெற்ற செல்போர்ன் நூல் 1789இல் வெளிவந்தபோது அந்தக் கடிதமும் அதில் இடம்பெற்றது.

அவர் வெறுமனே வியந்து நிற்கவில்லை. கடிகாரத்தை வைத்து அளந்தார். 2 அடி 4½ அங்குல நீளமுள்ள ஒரு கோரைத்திரி 57 நிமிடம் எரிந்தது. ஒரு பவுண்டு உலர்ந்த கோரையில் 1600க்கும் மேற்பட்ட தண்டுகள் இருந்தன. ஒன்று சராசரியாக அரை மணி நேரம் எரிவதாகக் கொண்டால் 800 மணி நேர ஒளி. கோரைக்கும் கொழுப்புக்கும் சேர்த்துச் செலவு 3 ஷில்லிங். பென்னியின் கால் பங்கான ஒரு ஃபார்திங்குக்கு ஐந்தரை மணி நேர வெளிச்சம் என்று அவர் கணக்கை முடிக்கிறார்.

அதற்கடுத்து அவர் சொல்வது நம்மை நிறுத்தி வைக்கிறது. மிக ஏழைகள் இந்தக் கோரைத்திரியைப் பயன்படுத்துவதில்லை. மாலைதோறும் அரைப் பென்னிக்கு ஒரு கொழுப்புவர்த்தி வாங்குகிறார்கள். காற்றுப் புகும் அவர்களுடைய வீடுகளில் அது 2 மணி நேரத்துக்கு மேல் எரிவதில்லை. அதே காசில் 11 மணி நேர ஒளி பெற்றிருக்கலாம் என்கிறார். ஏழைகளுக்குச் சிக்கனம் தெரியாது என்பது அவருடைய முடிவு. நாம் அப்படி முடிக்க மாட்டோம். கோரையைப் பருவத்தில் அறுக்கவும், நீரில் ஊறவைத்து உரிக்கவும், உலர்த்தவும் நேரம் வேண்டும். தோய்ப்பதற்குக் கொழுப்பு மிஞ்ச வேண்டுமென்றால் முதலில் பானையில் இறைச்சி வெந்திருக்க வேண்டும். அன்றாடங்காய்ச்சியிடம் ஆறு பவுண்டு கொழுப்பு ஒருசேர இருக்காது. மாலையில் கையில் இருப்பது ஓர் அரைப் பென்னிதான். மளிகையைச் சில்லறையாக வாங்குபவர் அதிக விலை கொடுப்பது எந்த ஊரிலும் நடப்பதே.

அடிக்கட்டைகளின் வரலாறும் இதையொட்டியதே. பெரிய மாளிகைகளில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகள் பணியாளர்களுக்குச் சேர வேண்டிய உரிமையாகக் கருதப்பட்டன; அவர்கள் அவற்றை விற்றுக் காசாக்கினார்கள். சிறு குடும்பங்களில் துண்டை வீணாக்காமல் கடைசிச் சொட்டு வரை எரிப்பதற்கென்றே ஒரு கருவி இருந்தது. நடுவே முள் உள்ள சிறு தட்டு. அதைத் தண்டின் வாயில் பொருத்தி, துண்டை முள்ளில் செருகி எரிப்பார்கள். ‘சேவ்-ஆல்’ என்று பெயர். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில் இச்சொல்லுக்கும் இடமளித்திருக்கிறார். எரியாத தண்டு, அதன் உச்சியில் உலோகக் கிண்ணம், அதற்குள் ஒரு குட்டி வர்த்தி. டீலைட் ஏந்தும் தூணின் உருவம் இங்கே ஏழ்மையின் சிக்கனமாக முழுமை பெற்றுவிட்டது.

*

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் வசதியுள்ளோருக்குப் புதிய ஒளி கிடைத்தது. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் தலைக்குள் இருக்கும் மெழுகு போன்ற பொருளை எடுத்துச் செய்த வர்த்தி. நாற்றமில்லை, வெயிலில் வளையாது, வெண்மையான சுடர். நியூ இங்கிலாந்துத் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் இதற்காகவே ஆண்டுக்கணக்கில் கடலில் திரிந்தன. ஒளியை அளக்கும் அலகே இதிலிருந்துதான் வந்தது. மணிக்கு 120 கிரெயின் வீதம் எரியும், பவுண்டில் ஆறில் ஒரு பங்கு எடையுள்ள திமிங்கல மெழுகுவர்த்தியின் ஒளியை 1860ஆம் ஆண்டின் லண்டன் எரிவாயுச் சட்டம் அளவுகோலாக வைத்தது. நாம் கேள்வியுற்ற ‘கேண்டில் பவர்’ என்ற சொல்லுக்குள் ஒரு விலங்கின் தலை இருக்கிறது.

கொழுப்பைத் திருத்தியவர் பிரெஞ்சு வேதியியலர் ஷெவ்ரெல். கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்த கூட்டு என்று தம் ஆய்வுகளை 1823இல் நூலாக்கினார். நாற்றத்துக்கும் இளக்கத்துக்கும் காரணமான பகுதிகளை நீக்கினால் கெட்டியான ஸ்டியரின் கிடைக்கும். 1825இல் காம்பசெரே என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர் பின்னிய திரியைக் கொண்டுவந்தார். பின்னல் காரணமாகத் திரியின் நுனி ஒரு பக்கம் வளைந்து சுடரின் ஓரத்தை எட்டி, தானே எரிந்து சாம்பலாகும். கத்தரிக்கு வேலை போயிற்று. 1830களில் பாரிசில் தெ மில்லி ஸ்டியரின் வர்த்திகளை வணிகமாக்கினார்.

இங்கே தென்னையும் கதைக்குள் வருகிறது. லண்டனில் 1830இல் வில்லியம் வில்சனும் அவருடைய பங்காளியும் தேங்காயெண்ணெயின் கெட்டிப் பகுதியைப் பிரித்தெடுக்கும் காப்புரிமையை விலைக்கு வாங்கி, பிரைஸ் என்ற பெயரில் தொழில் தொடங்கினார்கள். மார்கழிக் காலையில் உறைந்த தேங்காயெண்ணெயைக் கரண்டியால் சுரண்டிய எவருக்கும் இந்தக் காப்புரிமையின் அடிப்படை புரியும். உறைந்ததைப் பிழிந்தால் நீர்ப்பகுதி வெளியேறும். கெட்டிப்பகுதி வர்த்திக்கு ஆகும். மூலப்பொருளுக்காக அந்த நிறுவனம் இலங்கையில் 1000 ஏக்கர் தென்னந்தோப்பை வைத்திருந்தது. 1840 பிப்ரவரியில் விக்டோரியா அரசியின் திருமணத்தன்று லண்டன் வீடுகளின் சன்னல்களில் விளக்கேற்றும் வழக்கத்துக்காக, ஸ்டியரினும் தேங்காய்க் கொழுப்பும் கலந்த, திரி வெட்ட வேண்டாத மலிவான வர்த்தியை அது சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னர் மேற்கு ஆப்பிரிக்காவின் பனையெண்ணெயும் சேர்ந்தது. 1850இல் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் யங் நிலக்கரியிலிருந்து பாரஃபின் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு மெழுகின் பெரும்பகுதி நிலத்துக்கடியிலிருந்து, நாளடைவில் பெட்ரோலியத்திலிருந்து, வரத் தொடங்கியது.

தேனீ, ஆடு, மாடு, திமிங்கலம், இலங்கைத் தென்னை, ஆப்பிரிக்கப் பனை, ஸ்காட்லாந்து நிலக்கரி. மெழுகுவர்த்தி தன்னை உருக்கியதாகச் சொல்லும் உவமை இவை அத்தனையையும் மறைத்துவிட்டுப் பேசுகிறது.

*

வர்த்தி மலிந்தபின் கிண்ணம் தனிவாழ்வு பெற்றது. குழந்தையோ நோயாளியோ உறங்கும் அறையில் இரவு முழுவதும் சிறு சுடர் எரிய வேண்டும், சாய்ந்து விழக்கூடாது, வழியக்கூடாது. இத்தேவைக்காக 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உயரமின்றிப் பருத்த, உறையிலோ கண்ணாடிக் கிண்ணத்திலோ அமர்ந்த இரவு விளக்குகள் பெருகின. சாமுவேல் கிளார்க் என்ற லண்டன் உற்பத்தியாளரின் ‘ஃபேரி’ விளக்குகள் 1880களில் பெரும் புகழ் பெற்றன. சிறு கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு குட்டை வர்த்தி. இதுவே டீலைட்டின் நேர் மூதாதை.

எஞ்சியது மலிவான உலோகம். 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே கண்டறிந்த மின்பகுப்பு முறையால், அதுவரை அரிய உலோகமாக இருந்த அலுமினியம் நாளடைவில் தூக்கி எறியத்தக்க அளவுக்கு மலிந்தது. தேநீர்க் கெண்டியைச் சூடாக வைத்திருக்கும் சிறு அடுப்புக்குள் ஏற்றுவதால் டீலைட் என்ற பெயர். ஜெர்மனியின் கிழக்கு ஃபிரிசியப் பகுதியில் தேநீர் மேசையின்மீது அந்தச் சிறு அடுப்பு இன்றும் தவறாத பொருள். வழக்கமான டீலைட் 38 மில்லிமீட்டர் விட்டம் உள்ளது. பொடித்த பாரஃபினை அச்சில் அழுத்தியே பெரும்பாலும் அது செய்யப்படுகிறது.

*

இந்த வரலாற்றுக்குப் பிறகு தூணைச் செய்யும் முறையைப் பார்த்தால், அதன் ஒவ்வொரு படியும் பழைய சிக்கல் ஒன்றுக்கு விடையாக இருப்பது புலப்படும்.

தூண் எரியப்போவதில்லை. ஆகவே அதற்கு உயர்ந்த மெழுகு வேண்டியதில்லை. எரிந்து மிஞ்சிய துண்டுகளே போதும். மாளிகைப் பணியாளர்கள் விற்றுப் பிழைத்த அதே அடிக்கட்டைகள். பழைய திரிகளை நீக்கிவிட்டு, கொதிநீருக்குள் வைத்த பாத்திரத்தில் அவற்றை உருக்க வேண்டும். நேரடி நெருப்பில் வைத்தால் பாரஃபின் சுமார் 200 பாகை செல்சியஸில் தீப்பற்றும் ஆவியை வெளிவிடத் தொடங்கும்; நீருக்குள் வைத்தால் 100 பாகையைத் தாண்டாது. தீப்பற்றினால் மூடியால் மூட வேண்டும்; நீர் ஊற்றுவது பெருங்கேடு. பத்தில் ஒரு பங்கு ஸ்டியரின் சேர்த்தால் தூண் இறுகி நிற்கும். ஷெவ்ரெல் அங்கே இன்னும் இருக்கிறார்.

வார்ப்பு தலைகீழாக நடக்கிறது. அச்சின் அடிப்பகுதியே தூணின் உச்சி. குழி வேண்டிய இடத்தில், கிண்ணத்தைவிட ஓரிரு மில்லிமீட்டர் அகலமான வட்டக் கட்டையை அச்சின் அடியில் ஒட்டி, அதன்மேல் மெழுகை ஊற்ற வேண்டும். திரிக்கெனத் துளை வேண்டாம். பாரஃபின் ஆறும்போது சுருங்கும். சுருங்குவதால் வெளி அச்சிலிருந்து தூண் எளிதில் விடுபடும். ஆனால் அதே சுருக்கம் உள்ளே இருக்கும் கட்டையை இறுகப் பற்றிக்கொள்ளும். எனவே கட்டை நுனி நோக்கிச் சற்றுக் குறுகியிருக்க வேண்டும். எண்ணெய் தடவியிருக்க வேண்டும். மெழுகு இளஞ்சூடாக இருக்கும்போதே அதை எடுத்துவிட வேண்டும். நடுவில் குழிந்து இறங்கும் பள்ளத்தைக் குச்சியால் குத்தித் திறந்து மீண்டும் நிரப்புவதும் உண்டு. முன்பே செய்த தூணில் குழி வேண்டுமானால், ஏற்ற அளவுள்ள தகரக் குவளையில் கொதிநீர் ஊற்றி உச்சியில் வைத்து அழுத்தினால் போதும். மெழுகு இளகி இடம் கொடுக்கும்.

ஆழத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கிண்ணத்தின் விளிம்பு தூணின் உச்சிக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ நிற்க வேண்டும். ஆழத்தில் புதைந்தால் ஃபாரடே சொன்ன அந்தக் குளிர்ந்த காற்று சுடரை எட்டாது. குழியின் சுவர் சூடேறி உருகிக் கிண்ணத்துக்குள் வழியும். சிறு திரி தாங்காத அளவு மெழுகு சேர்ந்து, ஒன்று சுடர் மூழ்கி அணையும். அல்லது கிண்ணம் எல்லை மீறிச் சூடாகும். 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள தூணில் 38 மில்லிமீட்டர் கிண்ணத்தைச் சுற்றி ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் சுவர் கிடைக்கும். அதற்குக் குறைந்தால் தூணும் உருகத் தொடங்கும். உருகாமல் நிற்பதற்கும் ஓர் அளவு வேண்டியிருக்கிறது.

*

இப்போது உவமைக்குத் திரும்பலாம். நாம் தொடக்கத்தில் நினைத்தது போல இந்தத் தூண் மெழுகுவர்த்தி உவமையைப் பொய்யாக்கவில்லை. அதைச் சரியாகச் சொல்ல உதவுகிறது.

பழைய மெழுகுவர்த்தியில் எரிவதும் நிற்பதும் ஒன்றாக இருந்ததால், யார் தீர்ந்துபோகிறார்கள் என்ற கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று. ஒளி தந்தவன் தானே விரும்பி உருகினான் என்று சொல்லிக் கைதட்டிவிட்டு நாம் கலைந்தோம். இந்தத் தூணில் இரண்டும் பிரிந்து கண்ணுக்குத் தெரிகின்றன. நிற்பது தூண். எரிந்து தீர்வது 38 மில்லிமீட்டர் கிண்ணம். தீர்ந்ததும் அது அகற்றப்படும், அடுத்தது வரும், பார்ப்பவர் தூணின் அழகைப் பாராட்டுவார்.

பணி ஓய்வு மேடையில் வாழ்த்தப்படும் ஆசிரியர் இவற்றுள் எது? பள்ளி நூறாண்டாக நிற்கிறது, கட்டடத்துக்கு வண்ணம் பூசப்படுகிறது, பெயர்ப்பலகை மின்னுகிறது. அவர் 30 ஆண்டுகள் எரிந்து இன்று வெறுங்கிண்ணமாக இறங்குகிறார். நாளைக் காலை அதே குழியில் இன்னொருவர். மெழுகுவர்த்தி என்று அவரை வாழ்த்தும்போது தூணுக்குரிய புகழையும் கிண்ணத்துக்குரிய கூலியையும் சேர்த்துக் குழப்பிவிடுகிறோம். அவர் உருகியது தம் இயல்பால் என்று சொல்லும் வரை, எவ்வளவு எரிந்தார், அதற்கு என்ன பெற்றார் என்று யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

கில்பர்ட் ஒயிட் அந்தக் கணக்கைக் கேட்டார். ஏழைகளைப் பற்றிய அவருடைய முடிவில் நமக்கு உடன்பாடில்லை. அவர் அளந்த முறையில் உண்டு. ஒரு சுடர் எத்தனை நிமிடம் எரிகிறது, எந்தக் கொழுப்பில், யாருடைய காசில் என்று கடிகாரத்துடன் உட்கார்ந்து குறித்துவைத்தார். அனுபவமுள்ள ஒரு முதியவர் தம் குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் ஒன்றரைப் பவுண்டு கோரை போதும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். பகல் நீண்ட மாதங்களில் உழைப்பாளிகள் விளக்கே ஏற்றுவதில்லை. விடியலில் எழுந்து இருட்டும்போது படுத்துவிடுவார்கள் என்பது அதற்குக் காரணம்.